கால்டர் டவருக்குக் கீழே

ஹூஸ்டன் நகரின் நடுப்பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெருவோடு சங்காத்தமே கிடையாது. காலையில் காரைக் கட்டடத்துக் கராஜில் விட்டுவிட்டு லிஃப்டில் ஏறினால் நேரே மேஜை. மத்தியானம் அதே லிஃப்டில் இறங்கினால் தெருவுக்கு இருபது அடி கீழே சுரங்க நடைபாதை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே செருப்புத் தைப்பவர், அங்கேயே முடிவெட்டும் கடை. ஆகஸ்ட் வெயிலில் மேலே போய் ஒரு காபி வாங்கி வந்தவன் சட்டையைக் கழற்றிப் பிழிய வேண்டியிருக்கும். அதனால் மேலே யாரும் போவதில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. கீழே தோளோடு தோள் இடிக்கும்.

வெர்லீன் திபோ இப்படி இருபத்துமூன்று வருடம் ஓட்டிவிட்டாள். எண்ணெய்க் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்றில் பழைய நிலப் பத்திரங்களைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை. தன் ஆபீஸ் இருக்கும் தெரு அவளுக்குத் தெரியும், உறையில் அச்சடித்திருப்பதால். பக்கத்துக் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கீழே வழி கேட்டால் ஒருவரும் தெருப் பெயர் சொல்லமாட்டார்கள். டாக்கோ கடையில் இடது பக்கம் திரும்பு, கம்பளம் முடிந்து சலவைக்கல் தரை வருகிற இடத்தில் நேரே போ, அதுதான் கால்டர் டவர் என்பார்கள்.

அந்தக் கால்டர் டவர் இப்போது கால்டர் டவர் இல்லை. கால்டர் எண்ணெய்க் கம்பெனி ஆறு வருடத்துக்கு முன்பு இதே நடுப்பகுதியின் வடக்கு ஓரத்தில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட்டது. போகும்போது நாற்காலி மேஜையோடு பெயரையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பழைய கட்டடத்தை வாங்கியவர்கள் அதற்கு ஒரு கதவு எண்ணையும் தெருவையும் பெயராக வைத்து, தெருவாசலில் பித்தளைத் தகடு அடித்தார்கள். தெருவாசல் வழியாக யார் வருகிறார்கள், தகட்டைப் பார்க்க? எண்ணைப் போய் யார் பெயர் என்று கூப்பிடுவார்கள்? கீழே இருப்பவர்களுக்கு அது கால்டர்தான். வடக்கே இருப்பது 'புது பில்டிங்'. இந்த நடுப்பகுதியில் கம்பெனிகள் விழும், எழும், ஒன்றை ஒன்று விழுங்கும். ஒவ்வொரு தடவையும் கட்டடத்தின் பெயர் மாறும். அதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தால் சாப்பிட நேரம் இருக்காது.

கால்டருக்குக் கீழே தூண் ஓரமாக ஹான் அம்மாளின் வியட்நாம் சாண்ட்விச் கடை. கடைக்கு எதிரே, இரண்டு நாற்காலி மட்டும் போடக்கூடிய ஒரு மேஜை. பதினாலு வருடமாக வெர்லீனும் வெண்டல் குபாலாவும் திங்கள் முதல் வியாழன் வரை பதினொன்று இருபதுக்கு அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள். வெண்டல் ஒரு வங்கியில் அடமானக் கடன் பிரிவு. முதல் நாள் வேறு இடம் இல்லாமல் அவள் எதிரே உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதில் வேறு விஷயம் எதுவும் கிடையாது. முதல் வருடம் அவளுடைய ஆபீஸில் அதைத் தேடிப் பார்த்துச் சலித்துப்போனார்கள். அவர் வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது, அவளுடைய தேவாலயம் எது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய மனைவி இறந்த வாரத்தில், மகளுக்குக்கூடச் சொல்லாததையெல்லாம் அவர் இந்த மேஜையில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சாண்ட்விச்சை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

ஹான் அம்மாளுக்கு யார் பெயரும் தெரியாது. வெண்டல் அவளுக்கு 'மிஸ்டர் எக்ஸ்ட்ரா மிளகா'. சுட்ட பன்றி இறைச்சி சாண்ட்விச், கொத்தமல்லி வேண்டாம், பச்சை மிளகாய் இரண்டு பங்கு. அவர் தூரத்தில் டாக்கோ கடை மூலையில் திரும்பும்போதே ரொட்டி அடுப்புக்குள் போய்விடும். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கீழே அது பெரிய கௌரவம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைப்பதை வெர்லீன் பார்த்தாள். பதினாலு வருடத்தில் பார்க்காத காட்சி.

"என்ன குபாலா, திருந்திட்டியா?"

"தாடை வலிக்குது. ராத்திரி கோணலாப் படுத்துட்டேன் போல."

நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அந்த இடத்தில் ஏசி எப்படி அடிக்கும் என்றால், பெண்கள் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வருவார்கள். வெர்லீனின் அப்பா இதே மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.  இடது கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் கையைப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ போல.

கீழே எல்லா இடத்திலும் போன் எடுக்காது. தூணுக்குப் பக்கத்தில் நின்றால்தான் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அங்கே எப்போதும் இரண்டு பேர் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். வெர்லீன் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் நின்று அவசர எண்ணை அழுத்தினாள். மணி பதினொன்று முப்பத்தொன்று. எந்த இடம் என்று கேட்டாள் எதிர்முனைப் பெண்.

"கால்டர் டவர். கீழ, டன்னல்ல. சாண்ட்விச் கடைகிட்ட."

"டெக்சஸ் அவென்யூல இருக்கிற கால்டர் டவர்தானே மேடம்?"

வெர்லீனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பி ஹான் அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு விலாசம் தெரியாமலா இருக்கும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வெண்டலின் முகத்தை. அது வெளுத்துக்கொண்டே வந்தது. ஏதோ ஒரு தெரு, இருந்தால் என்ன, ஊரில் இருப்பது ஒரே கால்டர் டவர்தானே என்று தோன்றியது.

"ஆமா," என்றாள்.

அவரை நடக்க விடவேண்டாம், மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டாம், அசையாமல் உட்காரவைத்து ஆஸ்பிரின் இருந்தால் மெல்லக் கொடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். தூணை விட்டு நகர்ந்ததும் லைன் போய்விட்டது. வெர்லீன் கைப்பையைக் கவிழ்த்து மாத்திரை தேடினாள். ஹான் அம்மாள் ஐஸைத் துணியில் சுற்றி வந்து அவருடைய கழுத்தில் வைத்தாள். அந்தப் பக்கக் காவலர் ஆக்டேவியோ கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஆம்புலன்ஸ்காரர்களை அழைத்து வரத் தெருவாசலுக்கு ஓடினார்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை.

கீழே சைரன் கேட்காது. மேலே ஊரே தீப்பிடித்தாலும் கேட்காது. கேட்பதெல்லாம் டாக்கோ கடையில் நம்பர் கூப்பிடும் குரல், தட்டு விழும் சத்தம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்கு நகர்ந்தார்கள். மீதிப் பேர் நின்றார்கள், உதவி செய்யவா வேடிக்கை பார்க்கவா என்று அவர்களுக்கே தெரியாமல். ஒருவன் ஹான் அம்மாளிடம் தன் ஆர்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டான். கேட்டான் என்றால் கேட்டான். அவனுக்கு ஒரு மணிக்கு மீட்டிங்.

"வராங்களா?" என்று கேட்டார் வெண்டல்.

"வந்துகிட்டே இருக்காங்க."

"டார்லா கிட்ட சொல்லாத. ஸ்கூல்ல இருப்பா. பயந்துக்குவா."

அவர் மகள் ரோசன்பர்க்கில் ஏழாம் வகுப்பு டீச்சர். வெர்லீன் தலையாட்டினாள். அவர் மேஜையில் ஒதுக்கிவைத்த மிளகாயைக் காட்டி, கெட்டுப்போய்விடும், எடுத்து வைக்கச் சொல் என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நினைவு தடுமாறிச் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பதினொன்று நாற்பது. நாற்பத்து மூன்று. பன்னிரண்டு நிமிடமாகியும் வண்டி வராததில் அவளுக்குக் கோபம் வந்தது. வரி வாங்குகிறார்கள், ஒரு கறுப்பி கூப்பிட்டால் இப்படித்தான் ஆடி அசைந்து வருவார்கள் என்று மனசுக்குள் திட்டினாள். அவள் கோபத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வேறு நாளாக இருந்தால் அது சரியாகக்கூட இருந்திருக்கும்.

"வராங்களா?"

"இதோ வந்துட்டாங்க."

நாற்பத்தெட்டுக்கு ஆக்டேவியோ தனியாக இறங்கி வந்தார். தெருவில் ஒரு வண்டியும் இல்லை என்றார். பிறகு அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், என்ன விலாசம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.  அவர் தூணுக்கு ஓடிப்போய்த் தன் போனை எடுத்து, கதவு எண், டிராவிஸ் தெரு என்று கத்தினார். இரண்டு தடவை கத்தினார். வெர்லீன் அப்படியே நின்றாள். மேலே இருக்கும் தெருவின் பெயர் டிராவிஸ் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐம்பத்திரண்டுக்கு வெண்டல் மேஜையில் சாய்ந்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினாள். வலுவான பெண், விடாமல் அமுக்கினாள். ஐம்பத்தெட்டுக்கு வந்தார்கள். டெக்சஸ் அவென்யூவில் அவர்கள் முப்பத்தேழுக்கே வந்து இறங்கி, அந்தக் கட்டடத்தின் அடித்தளம் முழுக்க ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஒரு வியட்நாம் கடையைத் தேடியிருக்கிறார்கள். வெர்லீனின் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். போன் வெண்டலின் மேஜையில், சாண்ட்விச் பக்கத்தில் இருந்தது. தூணிலிருந்து பன்னிரண்டு அடி.

ஆஸ்பத்திரியில் ஒன்றேகாலுக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

அந்த வாரம் ஆக்டேவியோ அவளிடம் வந்து, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, நீங்களாக வாயைத் திறக்காதீர்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், நானே வீட்டில் கால்டரில் வேலை என்றுதான் சொல்கிறேன், உங்களை யார் குற்றம் சொல்வார்கள் என்றார். ஹான் அம்மாள் மறுநாள் கடைச் சுவரில் அட்டையில் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அனுமதியில்லாத அறிவிப்பு என்று நிர்வாகம் மூன்றே நாளில் கிழித்துப் போட்டது.

வெர்லீன் ஒரு மத்தியானம் மேலே போனாள். இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கால்டரின் தெருவாசல் வழியாக வெளியே வந்து பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். அங்கிருந்து டெக்சஸ் அவென்யூவுக்கு நடந்தாள். எட்டுத் தெரு. வெயில் மண்டையைப் பிளந்தது, வழியில் ஒரு மனுஷர் இல்லை. புதுக் கட்டடத்தின் உச்சியில் கால்டர் என்று எஃகு எழுத்து பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் தன் மேல் வந்தது துக்கம்கூட இல்லை, அருவருப்பு. 'தெரியவில்லை' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லையே என்று நினைத்தாள். ஆபீஸில் ஒரு பத்திரத்தின் சர்வே எண்ணில் சந்தேகம் என்றால் அரை நாள் உட்கார்ந்து தேடுகிறவள் அவள்.

டார்லாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆபீஸ் விலாசத்துக்கு. அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார், கடைசி நேரத்தில் நீங்கள் கூட இருந்ததுதான் எனக்கு ஒரே ஆறுதல், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்களாம், நன்றி என்று எழுதியிருந்தது. வெர்லீன் அந்தக் கார்டை டிராயரில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான்கு தடவை பதில் எழுத உட்கார்ந்தாள். மூன்று தடவை உண்மை இல்லாமல் எழுதிக் கிழித்தாள். ஒரு தடவை உண்மையை எழுதியும் கிழித்தாள். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போகும். சொல்லாவிட்டால் அவள் நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது பாவம் என்று தன் பாஸ்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தாள், அவர் பதில் சொல்லிவிடுவார் என்று.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை போனில் குரல் பதிவு வந்திருந்தது. மிஸ் வெர்லீன், நாளைக்கு எனக்கு லீவு, அப்பா உட்கார்ந்த மேஜையை ஒரு தடவை பார்க்கணும், பதினொன்றரைக்கு வந்துவிடுகிறேன், இடம் தெரியும், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், நீங்கள் திரும்பக் கூப்பிட வேண்டாம், இன்று முழுக்க வகுப்பில் இருப்பேன்.

வியாழக்கிழமை வெர்லீன் பதினொன்றேகாலுக்கே மேஜையைப் பிடித்தாள். ஹான் அம்மாளிடம் யார் வரப்போகிறார் என்று சொல்லிவைத்தாள். எதிர் நாற்காலியில் யாரும் உட்காராமல் கைப்பையை வைத்தாள். இன்று சொல்லிவிடவேண்டும் என்று காலையில் முடிவு செய்திருந்தாள். லிஃப்டில் இறங்கும்போது வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

பதினொன்றரை ஆயிற்று. முப்பத்தைந்து ஆயிற்று. டீச்சர் வேலை, நேரம் தவறுகிற ஆள் இல்லை என்று வெண்டல் பெருமையடித்துக்கொள்வார். நாற்பது ஆனபோது வெர்லீனுக்குச் சுருக்கென்றது. இடம் தெரியும், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். என்ன சொல்லியிருப்பார்? அவள் எழுந்து தூணுக்குப் போனாள். போனில் பெயரைத் தேடி எடுத்தாள். விரல் அழுத்தவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்கோ கடை மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐம்பத்தாறுக்கு அந்த மூலையில் ஒரு பெண் திரும்பினாள். வெண்டலின் அதே அகலமான நெற்றி, அதே கால் அகட்டிய நடை. ஹான் அம்மாள் ஒரு நொடி பார்த்துவிட்டு ரொட்டியை அடுப்பில் வைத்தாள்.

டார்லா வெர்லீனைக் கட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தாள்.

"மன்னிச்சுக்கங்க மிஸ் வெர்லீன். எங்க அப்பா என்னை எங்க அலைய விட்டுட்டார் பாருங்க. கால்டர் டவருக்குக் கீழ, கால்டர் டவருக்குக் கீழன்னு உயிரை எடுப்பார். நானும் கால்டர் டவருக்குப் போயிட்டேன். அந்தக் கண்ணாடி பில்டிங். பேஸ்மென்ட் பூரா சுத்துறேன், வியட்நாம் கடையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடைசில ஒரு வயசான அம்மாதான், அது பழைய கால்டர்டி பொண்ணேன்னு வழி சொன்னாங்க. பாருங்க, போன பிறகும் அப்பா—"

"டார்லா," என்றாள் வெர்லீன்.

அந்தப் பெண் நிறுத்தினாள். சிரிப்பு மட்டும் முகத்தில் பாக்கி இருந்தது.

"ஆம்புலன்ஸும் அங்கதான் போச்சு. நான்தான் அனுப்புனேன். அதே பேரைச் சொல்லித்தான் அனுப்புனேன். டெக்சஸ் அவென்யூவான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. ஆமான்னுட்டேன்."

 டார்லா கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதில் மணி தெரிந்தது. அவள் எதைக் கணக்குப் போடுகிறாள் என்று வெர்லீனுக்குத் தெரிந்தது. எத்தனை மணிக்கு அங்கே போனோம், எத்தனை மணிக்கு இங்கே வந்தோம்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் வீணாச்சு. கடைசி ஆறு நிமிஷம் அவருக்கு நினைவில்ல. அதுக்கு முந்தி நல்லாப் பேசிக்கிட்டிருந்தாரு."

"கேட்டாரா? ஏன் வரலன்னு கேட்டாரா?"

"வராங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு. வந்துட்டாங்கன்னு சொன்னேன்."

ஹான் அம்மாள் தட்டைக் கொண்டு வந்து டார்லாவின் முன்னால் வைத்தாள். சுட்ட பன்றி இறைச்சி, கொத்தமல்லி இல்லை, பச்சை மிளகாய் இரண்டு பங்கு. காசு வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனாள். டார்லா அதைத் தொடவில்லை. பக்கத்து மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவனுடைய மேலாளரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 

டார்லா எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். திட்டுவாள், அழுவாள், அறைவாள் என்று எதற்கும் தயாராக வெர்லீன் உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் அதிகம் பயந்தாள்.

"இப்ப இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள் டார்லா. "இந்த இடத்துக்கு?"

"ஆயிரத்து முன்னூத்திப் பதினெட்டு, டிராவிஸ் தெரு," என்றாள் வெர்லீன். "கிழக்கு வாசல். பித்தளைத் தகடு இருக்கும். உள்ள வந்ததும் வலது பக்கம் எஸ்கலேட்டர். ஒரு மாடி கீழ. இறங்கினதும் நேரா தூண், தூண் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்ட மேஜை. அறுபத்தோரு வயசு ஆளு, தாடை வலி, இடது கை மரத்துப்போச்சு, மூச்சு இருக்கு, பேசுறாரு."

ஒன்றரை மாதமாகத் தினமும் சொல்லிப் பார்த்தது. தடங்கல் இல்லாமல் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது டார்லா டாக்கோ கடை மூலையைத் தாண்டிவிட்டாள். தட்டில் மிளகாய் அப்படியே இருந்தது.